கைதட்டிவிட்டு எழுந்து போகிற நாடகம்

மயிலைப் பார்வையாளர் (சனி, இரவு 10.40)

இன்று மாலை ஒரு நாடகம் பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி மூச்சுத் திணறி இறந்துபோன ஒரு தொழிலாளியின் குடும்பத்தைப் பற்றிய நாடகம். நான்கு நடிகர்கள், எழுபது நிமிடம், எண்பது பேர் அமரக்கூடிய சிறிய அரங்கு. குழுவின் பெயரை எழுதவில்லை. ஒரு குழுவைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அண்மைக் காலத்து அரசியல் நாடகங்கள் பலவற்றில் நான் பார்க்கும் ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதல் நாற்பது நிமிடம் என்னை உலுக்கிவிட்டது. இறந்தவரின் மனைவி அவருடைய சட்டையை ஊறவைக்கிறாள், அடித்துத் துவைக்கிறாள், பிழிந்து முகர்ந்து பார்க்கிறாள், மறுபடியும் ஊறவைக்கிறாள். மூன்று முறை. ஒரு வசனம் கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதன்பிறகு நால்வரும் வேடத்திலிருந்து வெளியே வந்து, வரிசையாக நின்று, எங்களைப் பார்த்து அறிக்கை வாசிக்கத் தொடங்கினார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அதன் பிரிவுகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இழப்பீட்டுத் தொகை. இருபது நிமிடத்துக்கு மேல் நீண்டது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். அந்த எண்பது பேரில் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவது சரி என்று நினைப்பவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களிடம் மறுபடியும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நாங்களும் நல்லவர்கள் என்ற நிம்மதியோடு வெளியே வந்து தேநீர் குடித்தோம்.

நான் நவீன நாடகத்தின் எதிரி இல்லை. 1970களின் இறுதியிலிருந்து பார்த்து வருகிறேன். கூத்துப்பட்டறை, பரீக்‌ஷா, மதுரையின் நிஜ நாடக இயக்கம் ஆகிய நாடகக் குழுக்கள் எல்லாம் அடுத்தடுத்து முளைத்த காலம் அது. மு.ராமசாமியின் ‘துர்க்கிர அவலம்’ கிரேக்கத்து ஆன்டிகனியின் கதை. அரசன் தடுத்தும் அண்ணனின் பிணத்துக்கு மண் தள்ளும் பெண்ணைப் பார்த்தபோது எங்களுக்கு யாரும் அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்துக் காட்டவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ இன்னொன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனைத் தீயில் புகவைத்து முக்தி கொடுத்தார். இ.பா.வோ அந்தத் தீயை மேல்சாதிக்காரர்கள் கூடி மூட்டிய சூழ்ச்சியாகக் காட்டினார். பார்த்தவன் தானாகப் பதறினான்.

இன்றைக்கு அந்தப் பதற்றத்தைப் பார்வையாளனிடம் விட்டுவைக்க ஏன் பயப்படுகிறார்கள்? இதைக் கேட்டால், “சொல்வதற்கு நீ யார்?” என்று திருப்பிக் கேட்பார்கள் என்பதும் தெரியும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், டிக்கெட் வாங்கிப் பார்த்தவன். அந்த உரிமையில் கேட்கிறேன்.

செஞ்சிக்காரி (ஞாயிறு, காலை 7.15)

ஐயா, நீங்கள் பெயர் சொல்லாமல் விட்டது உங்கள் பெருந்தன்மை. ஆனால் எனக்கு ஒளிந்துகொள்ள விருப்பமில்லை. நீங்கள் பார்த்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. சட்டையைத் துவைத்தவள் நான்தான்.

அந்த அறிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இந்த நாடகத்தை முதலில் அரங்கில் போடவில்லை. விழுப்புரம் பக்கத்துக் காலனிகளிலும் சென்னையின் வடக்கே துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகளிலும் தெருவில்தான் போட்டோம். முதல் ஆட்டத்தில் அறிக்கை கிடையாது. சட்டை துவைக்கும் இடத்தோடு முடித்துவிட்டோம். முடிந்ததும் ஓர் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் சரி பாப்பா, பணம் எவ்வளவு தருவார்கள், யாரிடம் மனு கொடுக்க வேண்டும், அதைச் சொல்லாமல் போகிறாயே” என்று கேட்டார். அவருடைய மருமகன் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. வேடத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிரவே உட்கார்ந்து படித்தோம். 2014இல் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அடுத்த ஆட்டத்திலிருந்து அதைச் சொல்லத் தொடங்கினோம். உங்களுக்கு அது அறிக்கை. அந்த அம்மாவுக்கு அதுதான் நாடகத்திலேயே தேவைப்பட்ட வசனம்.

பழைய நாடகங்களைப் பற்றிச் சொன்னீர்கள். மதிக்கிறேன், படித்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். நந்தனாக நடித்தவர்களில், நந்தன் பிறந்த சேரியில் பிறந்தவர் எத்தனை பேர்? எங்கள் பாட்டன் நாற்பது ஆண்டுகளாக உங்கள் மேடைகளில் கதையாக இருந்தார். கூலிப் பட்டியலில் இருந்தாரா?

சபா ரசிகர் (ஞாயிறு, காலை 9.02)

இருவருமே ஒன்றை மறக்கிறீர்கள். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறியது. எண்பது பேர் அரங்கில் இல்லை, சபாக்களில். குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். அத்திப்பட்டிக்குத் தண்ணீர் வராததும், ஊரே கூடிக் கால்வாய் வெட்டினால் அரசு வந்து தடுப்பதும், இதைவிடக் கூர்மையான அரசியல் என்ன வேண்டும்? மறு ஆண்டே திரைப்படமாகவும் வந்தது. அதற்கு முன்பே சோவின் ‘முகமது பின் துக்ளக்’. அரசியல்வாதிகளைப் பெயர் சொல்லாமலே கிழித்தார், மக்கள் சிரித்துக்கொண்டே யோசித்தார்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுதான் இன்றைய நாடகம். அவன் அடுத்த முறை வராமல் தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறான். கூட்டத்தை இழந்தது யார் குற்றம்?

புதுக்கோட்டை வாத்தியார் (ஞாயிறு, காலை 11.30)

சபா ரசிகருக்கு: ‘தண்ணீர் தண்ணீர்’ பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அந்தச் சபாக்கள் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. எங்கள் கூட்டம் வேறு.

1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தின் கலைப் பயணக் குழுவில் நான் இருந்தேன். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டதை நாடே பேசியது, அதே புதுக்கோட்டை. மாலை ஐந்து மணிக்கு ஓர் ஊர், ஏழரைக்கு இன்னோர் ஊர். ஒரு டேப் மேளம், ஒரு தவில், பத்துப் பன்னிரண்டு பேர். பாட்டுகளில் முழக்கம் நிறைய இருந்தது, மறைக்கவில்லை. “படிப்போம் உயர்வோம்” என்ற வகையில் பாடினோம். மக்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு சிறு காட்சி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு பெண், பலகையைப் படிக்கத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிவிடுவாள். கைக்குழந்தையோடு. நடத்துனர் டிக்கெட்டுக்கு எந்த ஊர் என்று கேட்கும்போதுதான் அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் கூட்டத்திலிருந்து பெண்கள், “ஐயோ, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடு!” என்று கத்துவார்கள். எந்த ஊரிலும் இது தவறியதில்லை. மறுநாள் பெயர் பதிய வந்தவர்கள் பேசியது அந்தப் பஸ்ஸைப் பற்றித்தான், எங்கள் முழக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1994இல் பெண் சிசுக் கொலையைப் பற்றி ‘பச்ச மண்ணு’ என்று ஒரு நாடகம், அ.மங்கை இயக்கியது. ஒரு பெண்ணின் பிறப்பு, பூப்பு, திருமணம், வளைகாப்பு என்று நம் வீட்டுச் சடங்குகளையே வரிசையாக வைத்துக் கட்டியிருந்தார்கள். கொல்லாதே என்று சொல்வதற்கு முன்னால், ஒவ்வொரு சடங்கிலும் இந்தப் பெண்ணால் இந்த வீட்டுக்கு எவ்வளவு செலவு என்பதைப் பார்ப்பவர்களே கணக்குப் போடும்படி செய்தார்கள். கிராமத்து மண்ணில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய்க் கொலைகாரி என்று சொல்லிவிட்டு உயிரோடு ஊர் திரும்ப முடியாது. அவளுக்குள்ளிருக்கும் கணக்கை எடுத்து வெளியே வைக்க முடியும்.

ஆகவே செஞ்சியிலிருந்து எழுதும் தங்கைக்கு என் வேண்டுகோள்: செய்தியை விட வேண்டாம். அதற்கு ஒரு பஸ்ஸைக் கண்டுபிடியுங்கள்.

மயிலைப் பார்வையாளர் (ஞாயிறு, பிற்பகல் 3.20)

அம்மா, சட்டையைத் துவைத்தது நீங்கள் என்று தெரிந்து ஒரு நிமிடம் எழுத வரவில்லை. அந்த நடிப்புக்கு வணக்கம். இழப்பீட்டுத் தொகை எப்படி நாடகத்துக்குள் வந்தது என்று சொன்னதும், என் பதிவின் பாதி ஆட்டம் கண்டுவிட்டது. காலனியில் அதைச் சொல்லாமல் இருப்பது பாவம்தான்.

ஆனால் மீதிப் பாதியை விட மாட்டேன். தெருவில் பிறந்த வசனத்தை அப்படியே அரங்குக்குள் கொண்டுவந்து வைத்தது ஏன்? எங்களில் யாரும் மனு எழுதப் போவதில்லை. எங்களிடம் சொல்ல வேண்டியது வேறு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால், சங்கச் செயலாளர் யாருக்குத் தொலைபேசியில் பேசுகிறார்? வருகிறவன் என்ன உடை போட்டுக்கொண்டு இறங்குகிறான்? சன்னலிலிருந்து பார்ப்பது நான்தானே? இதைக் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்ட எனக்குக் கை வந்திருக்காது. சட்டத்தை வாசித்ததன் மூலம் என்னைத் தப்பவிட்டீர்கள்.

இன்னொன்று, நந்தன் யார் என்ற கேள்வி. பட்டவர்தான் எழுத வேண்டும், பட்டவர்தான் நடிக்க வேண்டும் என்று ஆக்கினால் நாடகக் கலை என்ற ஒன்றே மிஞ்சாது. பிறனாக மாறுவதுதானே வேடம்? கூத்தில் ஆண்கள்தானே காலங்காலமாகத் திரௌபதியாக நின்றார்கள்? இ.பா. அந்த நாடகத்தை எழுதாமல் இருந்திருந்தால் தமிழுக்கு நல்லதா?

செஞ்சிக்காரி (ஞாயிறு, இரவு 9.48)

பட்டவர் மட்டும்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை ஐயா. எங்கள் தரப்பில் யார் பேசினாலும் இப்படிச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய இயக்குநரின் நாடகத்தில் சிறு வேடம் கிடைத்தது. காலனிப் பெண்ணாக நடந்துவர வேண்டும். நடந்தேன். “இன்னும் குனிந்து நட, உன் உடம்பில் ஒடுக்குமுறை தெரிய வேண்டும்” என்றார். மறுபடி நடந்தேன். இன்னும் குனி என்றார். என் அம்மா செங்கல் சூளையில் தலையில் பதினாறு கல் சுமந்தவள். குனிந்து நடந்தால் கல் விழுந்துவிடும். கழுத்தை நேராக வைத்து, பனைமரம் மாதிரி நடப்பாள். அதை நான் செய்து காட்டினேன். “அது ராணி நடை, கதைக்குப் பொருந்தாது” என்றார். பதினேழு காட்சிகள் குனிந்தே நடந்தேன், சம்பளம் வேண்டியிருந்தது. அந்த நாடகத்தை ஊர் உலகமெல்லாம் சாதி எதிர்ப்பு நாடகம் என்று பாராட்டியது. பின்னணியில் பறை அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவர்கூட எங்கள் ஆள் இல்லை, எட்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டவர்கள்.

எழுதுங்கள், யார் வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் ஒத்திகையில் “இப்படி இல்லை” என்று நான் சொன்னால் அது கேட்கப்பட வேண்டும். என்னுடைய கோரிக்கை அவ்வளவுதான்.

அப்படிக் கேட்கப்படும்போது என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. கே.ஏ.குணசேகரன் 1990களில் ‘பலி ஆடுகள்’ எழுதினார். தேர் நகரத் தலித் ஒருவனைப் பலி கேட்கிறார்கள். அவன் தனக்குப் பதில் தன் மனைவியைக் கொடுக்கிறான். வெளியிலிருந்து எழுதுகிறவர் எங்கள் ஆணை இப்படிக் காட்டியிருந்தால் அது அவதூறாகியிருக்கும், அல்லது பயந்து காட்டாமலே விட்டிருப்பார். உள்ளே இருந்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வந்தது. அப்புறம் ‘வெள்ளை மொழி’. ஒரு திருநங்கையாகத் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய ஏ.ரேவதி, தானே தனியாக மேடையில் நிற்கிறார். இயக்கியது மங்கை. கட்டியக்காரி குழு, பாமாவின் ‘மொளகாப்பொடி’ கதையைத் திருநங்கையரை வைத்து மேடையேற்றியது. வயலில் புல் அறுக்கும் பெண்களின் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவும் நிலக்காரியின் கதை. ஊரார் கண்ணுக்கு எப்போதும் வேடிக்கைப் பொருளாக இருந்தவர்கள், நிலத்துக்காரியாகவும் கூலிக்காரியாகவும் மாறி நிற்கும்போது, பிறனாக மாறுவதுதான் வேடம் என்று நீங்கள் சொன்னதை அவர்கள்தான் உங்களைவிட முழுமையாகச் செய்கிறார்கள். திருநங்கை என்றால் திருநங்கையாக மட்டும்தான் நடிக்க வேண்டும் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஆன்டிகனி வேண்டும்.

அரங்கில் உங்களைத் தப்பவிட்டோம் என்று சொன்னது சுருக்கென்று தைத்தது. குழுவில் வாசித்துக் காட்டினேன்.

செய்யாற்றுக் கூத்தர் மகன் (திங்கள், அதிகாலை 5.10)

நேற்றிரவு ஆட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். மயிலை ஐயா கூத்தைப் பற்றிச் சொன்னதால் இரண்டு வார்த்தை.

அரசியல் நாடகம் ஏதோ எழுபதுகளில் பிறந்தது மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் கூத்துக் களரியில் கோமாளியான கட்டியங்காரன் வந்தாலே ஊர் நிமிர்ந்து உட்காரும். துரியோதனனுக்குக் கட்டியம் சொல்லிக்கொண்டே ஊராட்சித் தலைவரின் சாலை ஒப்பந்தத்தைச் சொல்வான். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், ஒன்றும் செய்ய முடியாது. ‘கர்ண மோட்ச’த்தில் பொன்னுருவி கர்ணனின் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவாள். போருக்குப் போகிறவன் வாசலில் நின்று மனைவியிடம் கெஞ்சுவான். இரவு இரண்டு மணிக்குப் பெரியவர்கள் துண்டால் கண்ணைத் துடைப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பிறப்பு என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதையெல்லாம் நகரத்து நாடகக்காரர்கள் எங்களிடமிருந்து எடுத்தார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்துப்பட்டறை கற்றது, வணங்கிக் கற்றது, பெயர் சொல்லிக் கற்றது. அதில் குறை இல்லை. அப்புறம் வந்தவர்கள் பலர் அடவை மட்டும் எடுத்துக்கொண்டு வாத்தியார் பெயரை விட்டுவிட்டார்கள்.

ஆனால் எங்கள் பக்கக் குறையையும் சொல்லாவிட்டால் இது நேர்மையான பதிவாக இருக்காது. நான் பார்த்த ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் சாமி ஊர்வலம் காலனிக்குள் போகாது. துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலனியிலிருந்து வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கர்ணனுக்காக அழுத அதே பெரியவர்தான் அந்த எல்லைக் கோட்டையும் காத்தார். ஆகவே, பார்த்தவன் தானாகப் பதறினால் போதும் என்று மயிலை ஐயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பதறினார், அழுதார், விடிந்ததும் எழுந்து போனார். பல நூறு ஆண்டுகளாக விடிய விடிய நடக்கிறது இது. எழுபது நிமிடம் பார்த்துவிட்டுக் கைதட்டியவர்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

ஆண்கள் திரௌபதியாக நின்றது பெருமைதான், என் அப்பாவும் நின்றவர். ஆனால் பெண்கள் வரக் கூடாது என்று தடுத்ததும் அதே களரிதான். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வேடம் கட்டவைத்தபோது எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் துரியோதனன் வேடம் கட்டி ஆடியதைப் பார்த்த பிறகுதான் வாய் மூடினார்கள்.

மயிலைப் பார்வையாளர் (திங்கள், காலை 8.35)

தம்பி, கர்ணனுக்காக அழுதுவிட்டு எல்லைக் கோட்டைக் காத்த பெரியவரைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். பதில் உடனே சொல்ல முடியவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

வடமராட்சி வாசகன் (திங்கள், இரவு 8.05)

எங்கள் யாழ்ப்பாணத்து அனுபவத்தையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதியினரின் போராட்டம் நடந்தது. அதை ஒட்டி ‘கந்தன் கருணை’ நாடகம் வந்தது. காத்தவராயன் கூத்தின் மெட்டுகளை எடுத்துக்கொண்டு, கோயிலை மூடி வைத்தவர்களைப் பார்த்தே பாடினார்கள். வெளிப்படையான முழக்கம்தான். அந்தக் காலத்துக்கு அது வேண்டியிருந்தது.

1985இல் குழந்தை ம.சண்முகலிங்கம் எழுதி க.சிதம்பரநாதன் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணத்து ஊர் ஊராகப் போனது. பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். பார்த்தவர்களின் பிள்ளைகள் அப்போது காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். மேடைக்கும் சனத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கவில்லை. அதே சண்முகலிங்கம் ஐயா சில ஆண்டுகள் கழித்து ‘எந்தையும் தாயும்’ எழுதினார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட, வீட்டில் தனித்துப்போன முதியவர்கள். போர் பற்றி உரத்த குரல் கிடையாது. எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது. என் அம்மாவும் அப்படித்தான் தனியே இருந்து கண்ணை மூடினார். நான் வேறு தேசத்தில் இருந்தேன்.

ஒரே ஆள் ஒரு காலத்தில் உரத்துப் பேசினார், இன்னொரு காலத்தில் தாழ்ந்த குரலில் பேசினார். இரண்டும் அரசியல்தான். எந்தச் சனத்துக்கு முன்னால், எந்த ஆண்டில் என்று பார்க்காமல் ஒன்றை நோய் என்று சொல்ல வேண்டாம் ஐயா.

சபா ரசிகர் (திங்கள், இரவு 9.30)

உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவு உழைப்பைக் கொட்டி எண்பது பேருக்கு நாடகம் போட்டு என்ன மாறும்? அரசாங்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

புதுக்கோட்டை வாத்தியார் (திங்கள், இரவு 10.15)

அரசாங்கம் நாடகத்தைத் திரும்பிப் பார்க்காது என்று சொல்வதை வரலாறு ஏற்காது. வெள்ளைக்காரன் 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தான். சுதந்திரம் வந்து ஏழு ஆண்டு கழித்து, 1954இல், எம்.ஆர்.ராதா இராமாயணத்தைக் கேலி செய்து நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், நம் மாநிலமே தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டுக்கொண்டது. கதை வசனத்தைக் காவல்துறையிடம் காட்ட வேண்டும் என்ற நிலை அதன்பின் பல பத்தாண்டுகள் நீடித்தது. பரீக்‌ஷா ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னது. திரைப்படத்துக்குத் தணிக்கை இருப்பது எல்லோருக்கும் தெரியும். நாடகத்துக்குப் போலீஸ் தணிக்கை இருந்தது இளைஞர்களுக்குத் தெரியாது.

1989 ஜனவரி முதல் நாள், தில்லிக்கு அருகே ஜண்டாபூரில் தொழிலாளர் குடியிருப்பில் தெருநாடகம் ஆடிக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மியை அடித்தார்கள். மறுநாள் இறந்தார். நான்காம் தேதி அவருடைய மனைவி மொலயஸ்ரீ, குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த நாடகத்தை ஆடி முடித்தார். அன்று அங்கே நின்றவர்களிடம் போய், நாடகத்தால் என்ன மாறும் என்று கேட்டிருக்க முடியுமா?

மயிலைப் பார்வையாளர் (செவ்வாய், காலை 6.50)

வாத்தியார் ஐயா, ராதாவைப் பார்த்து அரசு பயந்தது அவர் முன்னால் இருந்த கூட்டத்துக்காக. ஹஷ்மியைக் கொன்றது அவர் நின்ற இடத்துக்காக. தொழிலாளர் குடியிருப்புக்குள், தேர்தல் நேரத்தில் நின்றார். எங்கள் எண்பது பேர் அரங்கைப் பார்த்து எந்த அரசும் இன்றைக்குப் பயப்படப் போவதில்லை. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

செய்யாற்றுத் தம்பிக்கு. பதற்றம் மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பதறியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் தொட்டிக்குள் ஆள் இறங்கியபோது கீழே போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சன்னலைச் சாத்தினேன், நாற்றம் வருகிறது என்று. ‘நந்தன் கதை’ பார்த்த மனிதன் சாத்திய சன்னல் அது. ஆனால் அறிக்கையும் அந்தச் சன்னலைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செஞ்சி அம்மாவுக்கு ஒரு யோசனை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்தை நடிகர்கள் சொல்லாமல், அதைச் சொல்லவே விரும்பாத ஒருவர் வாயில் வைத்தால் என்ன? ஓர் அலுவலகக் குமாஸ்தா, ஓர் ஒப்பந்ததாரரின் கணக்கப்பிள்ளை. என்னைப் போன்ற ஆட்கள்.

செஞ்சிக்காரி (வியாழன், இரவு 11.20)

இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு எழுதுகிறேன் ஐயா.

கணக்கப்பிள்ளையை வைத்துப் பார்த்தோம். அவர் படிவத்தைத் தள்ளி, தொகையை எண்ணால் எழுதச் சொல்கிறார். அந்த மனைவிக்கு மூன்று போடத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை சுழி என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்கிறாள். அவர் வாயைத் திறப்பதாக இல்லை. ஐந்தாவது சுழியில் கை நின்றுவிடுகிறது. முப்பது லட்சம் மூன்று லட்சமாக நிற்கிறது. பையன் எட்டிப் பார்த்து, “அம்மா, இன்னும் ஒன்று” என்கிறான். ஒத்திகையில் மத்தளம் வாசிக்கும் அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

இது காலனியில் சரியாக வரும் என்று நினைக்கிறேன். தொகையும் தெரிந்துவிடும், சுழியும் தெரிந்துவிடும். மனு எங்கே கொடுப்பது என்பதை ஆட்டம் முடிந்ததும் தனியாக உட்கார்ந்து சொல்லப்போகிறோம், அதை விட மாட்டேன். அரங்கில் போடும்போது உங்கள் சன்னல் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் நின்றதில்லை. நீங்கள் நின்றிருக்கிறீர்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை, ஏழு மணிக்குத் தெருவில் ஆட்டம். வந்து அந்தச் சன்னலை எப்படிச் சாத்தினீர்கள் என்று செய்து காட்ட முடியுமா?

மயிலைப் பார்வையாளர் (வெள்ளி, காலை 5.40)

வருகிறேன் அம்மா. எனக்கு நடிக்க வராது, ஆனால் அந்தச் சன்னல் எப்படிச் சாத்தப்பட்டது என்பது கைக்குத் தெரியும். கிளாம்பாக்கத்திலிருந்து எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

செஞ்சிக்காரி (வெள்ளி, காலை 6.05)

காலை பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள் ஐயா. திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு வந்து இறங்குங்கள், தம்பி சைக்கிளோடு நிற்பான். சாப்பாடு எங்கள் வீட்டில்.